பொட்டு வைத்த மட்டைகள்

வீரய்யாவுக்கு அடக்கம் மருந்துக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏழை வீட்டில் பிறந்து முன்னுக்கு வந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர் தலை குனிந்தே நடப்பார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்றெல்லாம் எழுதிவைக்கிறார்கள். என் தங்கை பூரணியின் புருஷன் தலை நிமிர்ந்துதான் நடப்பான். தலைக்கு எண்ணெய் தடவி நடு வகிடு எடுத்து, எந்தத் துரையோ கழித்துப்போட்ட கம்பளி வெயிஸ்கோட்டை மாட்டிக்கொண்டு நுவரெலியா கடைத்தெருவில் அவன் வந்தால், தெரியாதவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த நடைக்கு அவனுக்கு உரிமை உண்டு என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் பிறந்தது கல்லுப்பாலம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில். லயம் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள். வயது வந்ததும் எல்லாரையும் போலத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனான். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணி அதட்டினால் இவன் திருப்பி அதட்டுவான். அப்படிப்பட்டவனை எந்தத் தோட்டம் வைத்துக்கொள்ளும்? நாற்பத்தெட்டாம் வருஷம் வேலையை உதறிவிட்டு நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் கெடியாகச் சேர்ந்தான். கெடி என்றால், துரைமார் பந்து அடிக்கும்போது அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போகிற ஆள். நான் அங்கே அவனுக்கு முன்பே சேர்ந்திருந்தேன். இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. அதே வருஷம்தான் தோட்டத் தமிழர்களான எங்களுக்குக் குடியுரிமை இல்லையென்று சட்டம் போட்டார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். கோல்ஃப் பற்றிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

விளையாட்டு ஒன்றும் பெரிய சூட்சுமம் இல்லை. தூரத்தில் ஒரு குழி. குறைந்த அடியில் பந்தை அதற்குள் போட்டவன் ஜெயித்தான். இப்படிக் குழிக்குக் குழி போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஓடை வரும், முட்புதர் வரும், சைப்பிரஸ் மரங்கள் வரும், நுவரெலியா மூடுபனி சொல்லாமல் கொள்ளாமல் வரும்.

துரைமார் எங்களைச் சொந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பெயர்கள் அவர்கள் நாக்கில் வராதாம். அவர்கள் பெயர் மட்டும் எங்கள் நாக்கில் எப்படி வந்ததாம்? வீரய்யாவுக்கு ‘சாம்’ என்று பெயர் வைத்தார்கள். அழகுமுத்து என்கிற எனக்கு ‘டொமி’. கோல்ஃப் கிளப்பின் செக்ரட்டரி துரையுடைய பங்களாவில் ஒரு நாய்க்கும் அதே பெயர் இருந்தது. பிறகு வெள்ளைக்காரத் துரைமார் குறைந்து நம் நாட்டுத் துரைமார் நிறைய வந்தார்கள். தோல் மாறியதே தவிரக் கூப்பிடுகிற விதம் மாறவில்லை. நான் டொமி என்றதும் ஓடுவேன். வீரய்யாவும் சாம் என்றால் போவான்; ஆனால் ஒவ்வொரு முறையும் முகம் சுண்டிவிடும்.

அவன் மட்டைகள் சேர்த்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். துரைமார் ஆட்டத்தில் தோற்றால் கோபத்தை மட்டையின் மேல்தான் காட்டுவார்கள். முழங்காலில் வைத்து முறிப்பார்கள், மரத்தில் அடித்து உடைப்பார்கள், ஓடையில் எறிவார்கள். வீரய்யா அவற்றை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரின் பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு மட்டையின் தலையை இன்னொன்றின் தண்டில் பொருத்திக்கொள்வான். இப்படியே பை நிரம்பிவிட்டது. ஒவ்வொரு மட்டைக்கும் அதை உடைத்த துரையின் பெயர். நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான்: மொட்டைத் துரை, கோழித் துரை, இருமல் துரை. “இருமல் தொரையக் குடு மச்சான்” என்று கையை நீட்டுவான். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

திங்கட்கிழமைகளில் துரைமார் ஆடமாட்டார்கள், தோட்டத்தில் வேலை இருக்கும். அன்றைக்குக் கெடிகள் மைதானத்தில் இறங்கி ஆட அனுமதி உண்டு. அந்தத் திங்கட்கிழமைகளில்தான் வீரய்யா ஆட்டக்காரன் ஆனான். சில வருஷங்களில் எங்களில் அவனை யாரும் கிட்ட நெருங்க முடியவில்லை. அதை அவனே எல்லாருக்கும் சொல்லிவிடுவான், அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு சேதி வந்தது. கிளப்பில் சம்பளத்துக்கு இருந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்து, மட்டையும் பந்தும் விற்கிற ஆளைப் புரொபெஷனல் என்பார்கள். எங்கள் கிளப்பில் அந்த வேலையில் இருந்த வெள்ளைக்காரர் சீமைக்கே திரும்பிப் போகிறார் என்றார்கள். மைதானத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கடை வாசலுக்கு மேலே பச்சைப் பலகையில் அவர் பெயர் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். ஒக்டோபரில் ஒரு பந்தயம் வைக்கப்போவதாகவும், இலங்கையில் காசுக்கு ஆடுகிற ஆட்டக்காரர்களும் கெடிகளும் அதில் சேரலாம் என்றும், ஜெயித்தவனுக்கே அந்த வேலையும் கடையும் என்றும் கமிட்டி தீர்மானித்தது. ஏப்ரலில் பூப்பூத்து வெயில் அடிக்கிற நல்ல சீசன் துரைமாருக்கு. மழை கொட்டுகிற ஒக்டோபர் எங்களுக்கு. அந்த மட்டுக்கும் கொடுத்தார்களே.

அன்று இரவுச் சோறு தின்னும்போது வீரய்யா பூரணியிடம் சொன்னான். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அந்தப் பலகையில எம் பேரு வரணும் பூரணி. வீரய்யான்னு. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

பூரணி தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள். வார்த்தையை வீணாக்கமாட்டாள். “வந்துட்டாப் போவுது. மொதல்ல சோத்தத் தின்னுங்க” என்றாள்.

பந்தயச் சேதி பரவியதும் இன்னொரு போட்டியும் ஆரம்பித்தது. சீமையில் கோல்ஃப் மட்டை செய்கிற கம்பெனிகள் பல உண்டு. அவற்றில் இரண்டுக்குக் கொழும்பில் ஏஜென்டுகள் இருந்தார்கள். ஒரு கம்பெனி கொள்ளுப்பிட்டியில், இன்னொன்று கோட்டையில். புதிய புரொபெஷனல் எந்த மட்டையால் ஜெயிக்கிறானோ அந்த மட்டையைத்தான் அடுத்த சீசனில் மலைநாட்டுத் துரைமார் அத்தனை பேரும் வாங்குவார்கள். அது இரண்டு கம்பெனிக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆகவே பந்தயத்தில் சேர்ந்தவர்களை எல்லாம் ஈ மாதிரி மொய்த்தார்கள்.

கோட்டைக் கம்பெனிக்கு நுவரெலியாவில் ஆள் சரிபுதீன் நானா. முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்போம். குடை, கம்பளி, டென்னிஸ் பந்து எல்லாம் விற்கிற கடைக்காரர். பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார். கொள்ளுப்பிட்டிக் கம்பெனிக்கு ஒரு கோட்டுக்காரர் காரில் வந்து ஹோட்டலில் தங்கியிருந்தார். அவர் தமிழும் பேசுவார், இங்கிலீஷில் யோசித்துவிட்டு. இருவரும் புத்தம் புது இரும்புத் தண்டு மட்டைகளைப் பைபையாக வீரய்யாவுக்கு முன்னால் பரப்பினார்கள். வெள்ளியைப் போல மின்னின. எனக்கு வாய் ஊறியது.

“எங்க மட்டையில ஆடுங்க. மட்ட இனாம். ஜெயிச்சா உங்க கடைக்கு நாங்களே போர்டு போட்டுத் தாறோம். மேல கம்பெனி பேரு பெருசா இருக்கும், கீழ ‘சாம்’னு சின்னதா இருக்கும்” என்றார் கோட்டுக்காரர்.

வீரய்யா ஒரு மட்டையைக் கையில் எடுத்து அழகு பார்த்தான். அப்புறம் திருப்பி வைத்துவிட்டான். “நல்ல மட்டதான். ஆனா பேரு எடம் மாறி இருக்குங்களே” என்றான்.

சரிபுதீன் நானாவும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். அவருக்கும் அதே பதில்தான். நானா சிரித்துக்கொண்டு போய்விட்டார், கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த பியதாச என்ற ஆட்டக்காரர் கோட்டுக்காரரின் மட்டைகளை வாங்கிக்கொண்டார். பியதாச நல்ல மனுஷன், நல்ல ஆட்டக்காரன். பந்தயமே அவருக்கும் வீரய்யாவுக்கும்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டம் இரண்டு நாள். வீரய்யாவுக்கு மட்டைப் பை தூக்கியது நான்தான். வெள்ளிக்கிழமை முதல் நாள் முடிந்தபோது பியதாச முன்னால். வீரய்யா ஒரே ஓர் அடி பின்னால். சனிக்கிழமை விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் ஓடை எது, புல்தரை எது என்று தெரியவில்லை. செக்ரட்டரி துரை இரண்டாம் நாள் ஆட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூசை.

தோட்டத்தில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் குளித்துவிட்டு அவரவர் வேலைக்கருவியைக் கழுவிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போவோம். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைப்போம். மறுநாள் காலை மறுபூசை முடிந்தால்தான் அவற்றை எடுக்கலாம். அதுவரைக்கும் கருவிக்கு ஓய்வு, யாரும் தொடக்கூடாது. ஸ்டோர் இஞ்சினுக்குக்கூட மாலை போட்டு நிறுத்திவிடுவார்கள்.

வீரய்யா சும்மா இருப்பானா? சனிக்கிழமை கற்பூரம் வாங்கப் போன இடத்தில், என் மட்டை அத்தனையும் நாளைக்குப் பூசைக்குப் போகிறது என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். ஞாயிறு காலை பை முழுவதையும் கொண்டுபோய், மண்வெட்டிகளை ஒதுக்கிவிட்டு நட்டநடுவில் பரப்பினான். ஒவ்வொன்றின் தலையிலும் முன்னும் பின்னும் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். மொட்டைத் துரையும் கோழித் துரையும் பொட்டு வைத்துக்கொண்டு அம்மன் முன்னால் படுத்திருந்ததைப் பார்த்து லயத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பூசை முடிந்து நாங்கள் பொரியை மென்றுகொண்டிருந்தோம். மழை விட்டு வெயில் அடித்தது. அப்போது கிளப் பியூன் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தான்.

“ஆட்டம் இன்னக்கித்தான். ரெண்டு மணிக்கு. தொரைமாருக்குத் திங்கக்கெழம தோட்டத்துல வேல இருக்காம், ஆட்டம் பாக்க ஏலாதாம். அதுனால செக்ரட்டரி தொரை மாத்திட்டாரு.”

பூசை என்று ஒன்று இருப்பது துரைக்கு எங்கே தெரியப்போகிறது? தெரிந்தாலும் என்ன செய்திருப்பார்? நான் வீரய்யாவைப் பார்த்தேன். அவன் கோயிலைப் பார்த்தான்.

பியூனுக்குப் பின்னாலேயே இரண்டு கார்கள் தோட்டத்துப் பாதையில் உறுமிக்கொண்டு வந்தன. முன்னால் கோட்டுக்காரருடையது. பின்னால் சரிபுதீன் நானா வாடகைக்குப் பிடித்த கார். மட்டைகள் பூசையில் மாட்டிக்கொண்ட விஷயம் இவன் வாயாலேயே கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்ததே. இரண்டு பேரும் காரிலிருந்து புது மட்டைப் பையோடு இறங்கினார்கள்.

“இப்ப உங்களுக்கு வேற வழி இல்ல. பழைய கண்டிஷன்தான். எடுங்க, கார்ல ஏறுங்க” என்றார் கோட்டுக்காரர்.

வீரய்யா கோயில் வாசலுக்குப் போனான். செல்லசாமி கங்காணிதான் எங்கள் கோயிலுக்குத் தலைவர். குறுக்கே வந்து நின்றார்.

“வச்ச ஆயுதத்த மறுபூச இல்லாம எடுக்கக் கூடாது வீரய்யா. தோட்டத்துக்கே ஆகாது. அந்தப் புது மட்டையில ஆடிட்டுப் போயேன்.”

“அதுல ஆடுனா கட எனக்கு இல்லீங்க. கம்பெனிக்கு.”

“அதுக்கு நான் என்னா செய்ய? சாமி காரியம்.”

நாலு பேர் கங்காணி பக்கம் பேசினார்கள். இரண்டு பேர் எங்கள் பக்கம். எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பூரணி முன்னால் வந்தாள்.

“ஒரு வார்த்த கேக்கலாங்களா கங்காணி ஐயா?”

“கேளு.”

“போன வருசம் பூச அன்னிக்கி, கொழுந்து கூடிப்போச்சி, கெட்டுப்போவும்னு தொரை சொன்னாரு. ஸ்டோர் இஞ்சினுக்குப் போட்ட மாலையக் கழட்டி வச்சிட்டு நீங்கதானே ஓட்டச் சொன்னீங்க? ராவெல்லாம் ஓடுச்சே. அப்ப மறுபூச ஆச்சுங்களா?”

கங்காணி துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

“தொரை கொழுந்துக்குன்னா சாமி பொறுத்துக்கிடும். நம்ம ஆளுக்குன்னா பொறுக்காதா? அப்புடி ஒரு சாமியா நம்ம மாரியாயி?”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. என் தங்கை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை. பின்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக, “ஆமா, அவ சொல்றது நெசந்தானே” என்று ஆரம்பித்தார்கள். கங்காணி பூசாரிக்குத் தலையை அசைத்தார். பூசாரி கற்பூரம் கொளுத்தி, மட்டைகளுக்கு மட்டும் அங்கேயே மறுபூசை செய்து வைத்தார்.

“எடுத்துக்கிட்டுப் போ. ஆனா தோத்துட்டு இந்த வாசலுக்கு வந்துறாத” என்றார் கங்காணி.

வீரய்யா மட்டைகளை எடுத்துப் பையில் போட்டான். சரிபுதீன் நானாவின் காரில்தான் போனோம். “எம் மட்டையத் தொட வேணாம், கார்லயாச்சும் ஏறுங்க” என்று அவரே கதவைத் திறந்துவிட்டார்.

கிளப் வாசலில் துரைமாரும் அவர்கள் மனைவிமாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பையை இறக்கியதும் கோட்டுக்காரர் செக்ரட்டரி துரையிடம் போய் ஏதோ குசுகுசுத்தார். துரை வந்து ஒரு மட்டையை உருவிப் பார்த்தார். முகப்பில் சந்தனம் காய்ந்து அப்பிக்கிடந்தது. பந்தைத் தொடுகிற முகப்பில் எந்தப் பொருளையும் பூசக்கூடாது, அது பந்தயச் சட்டம் என்றார். சட்டம் உண்மையில் அப்படித்தான் இருந்தது. துடை, இல்லையென்றால் வேறு மட்டை எடு. வேறு மட்டை எங்கே இருக்கிறது? கோட்டுக்காரர் கையில் தயாராக இருந்தது.

என்னால் துடைக்க முடியவில்லை. அம்மன் முன்னால் வைத்த பொட்டை அன்றைக்கே அழிப்பதென்றால் கை வருமா? வீரய்யாவும் வெயிஸ்கோட் நுனியை முகப்புவரைக்கும் கொண்டுபோய்விட்டு விலக்கிக்கொண்டான். அதை அவன் ஒத்துக்கொள்ளமாட்டான், நான் பார்த்தேன்.

சரிபுதீன் நானா எங்களுக்கு நடுவில் வந்து சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

“இஞ்ச தாங்க. நீங்க அழிச்சாத்தானே உங்களுக்குப் பாவம். நான் தொடச்சா ஒண்டும் இல்லையே.”

துடைக்க ஆரம்பித்தவர், பாதியில் நிமிர்ந்து துரையிடம் இங்கிலீஷில் கேட்டார்: முகப்பில்தானே கூடாது, பின்பக்கம் இருக்கலாமா? துரை யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றார். நானா ஒவ்வொரு மட்டையின் முன்பக்கத்தையும் பளபளவென்று துடைத்துப் பின்பக்கத்துப் பொட்டை அப்படியே விட்டுவிட்டார். அவருடைய புது மட்டைகள் வாடகைக் காரிலேயே கிடந்தன.

“எனக்குக் கெடைக்காட்டிப் போவுது, கொள்ளுப்பிட்டிக்கும் கெடைக்கக் கூடாது” என்று என் காதில் சொன்னார். அது மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

ஆட்டம் தொடங்கியது. வீரய்யா வெறுங்காலோடு ஆடுவான். ஈரத் தரையில் சப்பாத்தைவிடக் கால்விரல் நன்றாகப் பிடிக்கும் என்பான். ஆனால் அன்றைக்கு முதல் சில குழிகளில் விரலும் பிடிக்கவில்லை, மனசும் நிலையில் இல்லை. பந்து மரத்தில் பட்டது, முட்புதரில் விழுந்தது. பியதாச நிதானமாக ஆடி இன்னும் முன்னால் போனார். வழக்கமாக ஓர் அடி அடித்துவிட்டு, “எப்புடி?” என்று உலகத்தையே கேட்கிறவன் வாயை மூடிக்கொண்டு நடந்தான். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

மைதானத்தின் ஒரு பக்கம் பாதை ஓடுகிறது. பாதைக்கும் மைதானத்துக்கும் நடுவே வேலி. தோட்டத்துச் சனம் அந்த வேலி நெடுக வந்து நின்றிருந்தது, செல்லசாமி கங்காணியும் சேர்த்து. அவர்களுக்கெல்லாம் உள்ளே அனுமதி கிடையாது. நாங்கள் பக்கத்தில் போனபோது பூரணி வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

“என்னா, வாய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்களா? பேசாம ஆடி நீங்க எப்ப ஜெயிச்சீங்க?”

பெண்கள் சிரித்தார்கள். வீரய்யாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, “கோழித் தொரையக் குடு மச்சான். இந்தப் பந்து எங்க போயி விழுவுதுன்னு பாரு” என்றான். சொன்ன இடத்தில் விழுந்தது. “எப்புடி?” என்றான். எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அவன் வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம்.

கடைசிக் குழிக்கு முன்னால் ஓடை குறுக்கே ஓடும். மழையில் அது கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. பியதாச புத்திசாலித்தனமாகப் பந்தை ஓடைக்கு இந்தப் பக்கமே நிறுத்தினார். வீரய்யாவின் பந்து சைப்பிரஸ் மரத்தடியில் சேற்றில் கிடந்தது. நானும் ஓடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி ஒரு சின்ன மட்டையை எடுத்து நீட்டினேன்.

“இருமல் தொரையக் குடு.”

“வேணாம் மாப்ள. ஓடையில போச்சின்னா எல்லாம் போச்சு.”

“குடு மச்சான்.”

கொடுத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். சேறு தெறிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பந்து ஓடையைத் தாண்டி, குழிக்குப் பக்கத்துப் புல்லில் உருண்டுகொண்டிருந்தது. பியதாச இன்னோர் அடி கூடுதலாக எடுத்தார். வீரய்யா உருட்டிவிட்டான். பந்து குழிக்குள் விழுந்தது. பியதாச தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலிப் பக்கம் ஒரே இரைச்சல். நான் பையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பந்தயத்தை இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை.

பரிசு கொடுப்பது கிளப் வராந்தாவில். வராந்தாவுக்கு ஏறக் கருங்கல் படிகள். கெடிகள் அந்தப் படியில் கால் வைக்கக்கூடாது. அத்தனை வருஷத்தில் எங்களில் ஒருத்தனும் ஏறினதில்லை. வீரய்யா படிக்குக் கீழே சேற்றுக் காலோடு நின்றான். பக்கத்தில் நான். மேலே மேசையில் வெள்ளிக் கிண்ணம். இரண்டு கம்பெனிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம். செக்ரட்டரி துரை நல்ல வார்த்தைகளாகக் கொஞ்சம் பேசிவிட்டு, நம்முடைய புதிய புரொபெஷனல் என்று சொல்லிக் கையை நீட்டினார்.

“சாம்!”

துரைமார் கை தட்டினார்கள். வீரய்யா அசையவில்லை.

“சாம், கம் அப்.”

கைதட்டல் ஓய்ந்தது. ஜெயித்துக் கைக்கு வந்த வேலை. துரை மனசு மாறினால் எல்லாம் போய்விடும். நான் அவன் முதுகில் குத்தினேன்.

“போ மாப்ள. கூப்புடுறாருல்ல.”

வீரய்யா திரும்பாமலேயே சொன்னான், மெதுவாகக்கூட இல்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

“அவரு வேற யாரையோ கூப்புடுறாரு மச்சான்.”

தமிழ் தெரிந்த துரைமார் மேலே நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செக்ரட்டரி துரைக்கு முகம் சிவந்தது. அவர் சரிபுதீன் நானா பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். நானா சொன்னார். துரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நானா ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னார். தோட்டத்துச் சனம் கிளப் பக்கத்து வேலிக்கே நெருங்கி வந்துவிட்டது. துரை நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வீ… ராயா.”

வீரய்யா காத்திருந்தான்.

“வீரய்யா” என்றார் துரை.

“வாறேனுங்க” என்றான் வீரய்யா. வெயிஸ்கோட்டை இழுத்து நேராக்கிக்கொண்டான். சேற்றுக் காலை முதல் படியில் வைத்தான். வேலிக்கு அப்பால் முதலில் குலவை போட்டது என் தங்கைதான், அவள் குரல் எனக்குத் தெரியாதா? பிறகு தோட்டமே குலவை போட்டது. வீரய்யா அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக ஏறிப் போனான். வெள்ளைக் கல்லைப் போலத் தேய்த்துக் கழுவி வைத்திருந்த அந்த வராந்தாவில் அவன் கால்தடம் மேசைவரைக்கும் பதிந்திருந்தது.